மீசை முத்திரை

போடியில் ஏலக்காய் வியாபாரிகள் எல்லாரும் மூட்டையில் ஏலக்காய்ப் படம் போட, சோலைமலை மட்டும் முறுக்கு மீசையோடு தன் முகத்தையே டிரேட்மார்க்குக்குக் கொடுத்தார். "இந்த மீசைய எவன்யா காப்பியடிப்பான்?" என்று கடைவீதி முழுக்க ஒரே அலட்டல். இழுத்தடித்து, ஒருவழியாகச் சான்றிதழ் வந்தது.

"சாமி கண்ணத் தொறந்துருச்சு. வெரசா கெளம்புங்க," என்றாள் மனைவி ஜோதி.

"எங்க?"

"குலசாமி கோயிலுக்கு. டிரேட்மார்க்கு கெடைச்சா நீங்க முடியும் மீசையும் எறக்குவீகன்னு நேந்திருக்கேன்ல!"

சாமியோடு யார் வழக்காடுவது? மறுநாள் மழமழவென்ற முகமும் சந்தனம் பூசிய மொட்டையுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மதுரையிலிருந்து வந்த புது வியாபாரி, மூட்டையில் இருந்த மீசையை உற்றுப் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டார்:

"மொதலாளி எப்ப வருவாருண்ணே?"