சிந்துஜாவுக்கு ஒரு தனி அறை

சிந்துஜாவுக்கு ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸ் சொன்னதில் ஒன்றுதான் அவள் கணவன் மதிவாணன் மனதில் நின்றது: "தனி ரூம், தனி பாத்ரூம். வெள்ளை அணு ஏறுற வரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது."

தவளக்குப்பத்து வீட்டில் இருந்ததே ஒரு கூடமும் சமையலறையும்தான். பின்னால், பழைய சாமான் போட்டு வைக்கும் ஓர் அறை. மழையில் ஊறி ஊறி அதன் சுவர் கறுத்துக் கிடந்தது. சேதராப்பட்டு கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவனே கடப்பாரையைத் தூக்கினான். காரையைக் கொத்தி உதிர்த்தான். பாத்ரூமுக்கு வழிவிடச் சுவரை இடித்தான். கூடத்துக்குத் தூசி வராமலிருக்க ஒரு போர்வையைத் தொங்கவிட்டான்.

அவள் அதை விலக்கி எட்டிப் பார்ப்பாள்.

"யோவ் மேஸ்திரி, ஜன்னல பெருசா வையி. உன் மூஞ்சியவே பாத்துக்கினு எவ்ளோ நாளு கெடக்கறது?"

"உள்ள போடி. தூசி."

"மாஸ்க் போட்டுக்கினுதான இருக்கேன்."

பெயின்ட் அடிப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரி. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. இருமினால் ரத்தம் வந்தது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் பாரதி கேட்டார்.

"வீட்ல எதாவது இடிச்சீங்களா? கட்டட வேலை எதாவது?"

கேள்வி எங்கே போகிறது என்பது அவனுக்கு முன்பே சிந்துஜாவுக்குப் புரிந்துவிட்டது.

"இல்ல டாக்டர்" என்றாள், ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து.

மதிவாணன் அவளைப் பார்த்தான். பிறகு, "ஆமா டாக்டர். நான்தான் இடிச்சேன்" என்றான்.

டாக்டர் அவனை வெளியே அழைத்துப் போனார். "பழைய சுவர்த் தூசியில பூஞ்சை வித்து இருக்கும். உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் பண்ணாது. இவங்களுக்கு வெள்ளை அணுவே இல்ல, ஸ்டீராய்டு வேற போகுது. நுரையீரல்ல வேர் விட்டுடுச்சு. மாஸ்க்கெல்லாம் அத முழுசா தடுக்காது."

"தனி ரூம்னு சொன்னாங்க மேடம்."

"எதையும் இடிக்காதீங்கன்னும் சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர்.

அவர் திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவனுக்கு.

அன்றே பூஞ்சைக்கான மருந்தைத் தொடங்கினார்கள். வெள்ளை அணு மட்டும் ஏறவில்லை.

"ஏன்யா சொன்ன?" என்று கேட்டாள் சிந்துஜா.

"மருந்து மாத்தணும்ல?"

"மாத்திட்டாங்கல்ல. இனிமே யார்கிட்டயும் சொல்லாத. எங்கம்மாகிட்ட சொல்லவே சொல்லாத."

அவன் தலையசைத்தான். இரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது அவள் அம்மா பாக்யலட்சுமி வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பின்னறையைக் காட்டி அழுதாள். "பாருங்க, எம் பொண்ணுக்குன்னு ரூம் கட்டனாரு. ஆள் வெக்காம, தன் கையால. எந்தப் புருஷன் செய்வான்?"

பிறகு மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.