பூட்டு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன கணவன் வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. அவனுக்கு லிஃப்ட் பொருத்தும் வேலை. நாலு மணி நேரப் பயணத்தில் ஏதோ ஒரு புது அடுக்குமாடிக் கட்டடம், ஐந்து நாள் வேலை என்று போயிருந்தான். சனிக்கிழமை காலை அவள் அவனுடைய சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"நேத்து மத்தியானமே கெளம்பிட்டாரேம்மா. இன்னுமா வரலை?"

"சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

அதோடு தேடுவது முடிந்தது.

இப்படி ஒன்று நேர்ந்தால் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். அவளுக்கு இரண்டும் நன்றாகவே ஓடின. ஆறு வயது மகளுக்குத் தலை வாரிவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வேலைக்குப் போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸின் விளிம்பை ஃபிரேமின் அளவுக்குத் தேய்க்கும் மெஷின் அவளுடையது. அன்று பதினொரு ஜோடி தேய்த்தாள். ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. கூட வேலை பார்க்கும் பெண், "என்னக்கா, இன்னிக்கு ஒரே வேகம்?" என்றாள். "வீட்ல வேலை இருக்கு" என்றாள் இவள்.

வேலை இருக்கத்தான் செய்தது. மூன்று அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து அவன் துணிகளை மடித்து அடுக்கினாள். சட்டைகள் ஒன்றில், பேண்ட்டுகள் ஒன்றில், மிச்சசொச்சமெல்லாம் மூன்றாவதில். பல் துலக்கும் பிரஷைக் குப்பையில் போட்டாள். மகளுக்குப் பட்டாணி என்று செல்லப்பெயர். அது வாசலில் நின்று கேட்டது.

"அப்பா செருப்ப ஏம்மா உள்ள வெக்கிற?"

"இனிமே நாம ரெண்டு பேர்தான். அழக்கூடாது. திங்கக்கெழம ஸ்கூல் இருக்கு."

சொன்ன பிறகுதான் அது தன்னுடைய வாக்கியம் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. ஒன்பது வயதில், அப்பா வீட்டைவிட்டுப் போனபோது, அவளுக்கு அம்மா சொன்னது. அச்சு அசல் அதே சொற்கள், அதே குரல். அன்று அம்மா அப்பாவின் துணிகளைப் பெட்டியில்கூட அடுக்கவில்லை. மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை வழக்கம்போல ஹோட்டல் சலவைப் பிரிவுக்கு வேலைக்குப் போனாள். பெரிய பெரிய விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. இருபத்தேழு வருடம் அதையே பார்த்தாள். அவள் அழுது இவள் பார்த்ததில்லை. இவளும் ஸ்டூல் போட்டு ஏறி அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா வரத் தாமதமானால் ஜன்னல் பக்கம் போகாமல் இருக்கவும் கற்றுக்கொண்டாள். எதிர்பார்த்து நிற்பது தண்டவேலை என்று அந்த வயதிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

ஞாயிறு காலை அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தன நாளாச்சு?"

"ரெண்டு."

"பூட்ட மாத்தினியா?"

"இல்ல."

"மாத்து. நான் வரேன்."

பூட்டுக்காரர் வந்து பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அம்மா பையும் கையுமாக வந்து சேர்ந்தாள். 'அய்யோ' என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்தாள். பேத்தியின் சீருடையை இஸ்திரி போட்டாள். "நீ ஒழுங்கா சாப்பிடு. ஒடம்புதான் முக்கியம்" என்றாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் அவ்வளவு நிம்மதியாக வெகுநாளாக யாரும் சாப்பிட்டதில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலை சூப்பர்வைசர் மூன்று தடவை கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. சேதி தெரிந்த பிறகு எதற்குச் சேதி? போனைக் கவிழ்த்துவைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய், குழந்தைக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் அவன் எண்ணை அடித்துவிட்டு அம்மாவின் எண்ணை எழுதிக்கொடுத்தாள். குமாஸ்தா அம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரப்பர் ஸ்டாம்ப்பைக் குத்தினார்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசல் கதவில் சாவி நுழைகிற சத்தம். நுழைந்தது, திரும்பவில்லை. வெளியே எடுத்து மறுபடி நுழைத்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். பட்டாணி ஓடப் பார்த்தது; அம்மா அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு" என்றாள் இவளைப் பார்த்து.

இவள் ஒரு நிமிடம் இருந்தாள். பிறகு போய்க் கதவைத் திறந்தாள்.

கணவன் நின்றுகொண்டிருந்தான். தலையைச் சுற்றிக் கட்டு, ஒரு கண் வீங்கிக் கிடந்தது. அவன் தோளைப் பிடித்தபடி சூப்பர்வைசர்.

"பஸ் பள்ளத்துல எறங்கிடுச்சும்மா" என்றார் சூப்பர்வைசர். "வழியில ஒரு சின்ன ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. ஒரு நாள் முழுக்க நெனவே இல்ல. போன் தூள் தூளாயிடுச்சு, நம்பர் எதுவும் ஞாபகம் வரல. நான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா கேட்டு நேத்துதான் கண்டுபிடிச்சேன். ஒங்களுக்குக் கூப்பிட்டேனே, எடுக்கலயே?"

"கவனிக்கல" என்றாள்.

பட்டாணி கையை உதறிக்கொண்டு ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. "தினமும் லிஃப்ட்ல தொங்கறவன், பஸ்ல போய் விழுந்தேன் பாரு" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். அப்புறம் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். கதவில் மின்னிய புதுப் பூட்டைப் பார்த்தான். சுவரோரம் மூன்று பெட்டிகள். சட்டை, பேண்ட், மற்றவை என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

சூப்பர்வைசர் மெதுவாக விடைபெற்றுக்கொண்டார். அம்மா குழந்தையை உள்ளே கூட்டிப்போனாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சியா?"

"இல்ல."

"அப்ப?"

"போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எங்க?"

போனவர்கள் எங்கே போவார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை.

"ஒரு ஆஸ்பத்திரிலயாவது கேட்டியா? போலீஸ்ல?"

"இல்ல."

"பத்து வருஷம்" என்றான். கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டைத் தொடாமல் சட்டையைக் கழற்ற உதவினாள். ஆறு தையல் என்றான். வலிக்கிறதா என்று கேட்டாள். கேட்க வேண்டியது அதுதான் என்பதால் கேட்டாள்.

மறுநாள் காலை அம்மாவை வழியனுப்ப பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். நிழற்கூரைக்குக் கீழே இருவரும் நின்றார்கள். அம்மா எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்கப்பாவும் வந்தாரு."

"எப்ப?"

"போயி பன்னெண்டாம் நாளு. நல்ல மழை. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த."

"என்ன சொன்னாரு?"

"கதவத் தெறந்தாத்தானே சொல்றதுக்கு."

ஒரு சைக்கிள் போயிற்று.

"எத்தன தடவ வந்தாரு?"

"மூணோ நாலோ. அப்புறம் நாமதான் வேற வீட்டுக்குப் போயிட்டோமே."

பள்ளிக்கூடம் பக்கம் என்பதற்காக வீடு மாறினோம் என்றுதான் இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தாள். ஆனால் மாறிப்போன வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இன்னும் கொஞ்சம் தூரம்தான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலயே." அம்மா பையின் வாரைச் சரிசெய்தாள். "வந்தாரு, சரி. மறுபடி போகமாட்டார்னு என்ன நிச்சயம்? ஒவ்வொரு தடவயும் உன்ன அழவெச்சு என்னால பாக்க முடியாது. தப்புங்கிறியா?"

"இல்லம்மா."

தப்பென்றும் தோன்றவில்லை, சரியென்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நிற்பதுபோல் நின்றாள். பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொடுத்தாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "நேத்து நான் இருன்னு சொன்னேன். நீ கேக்கல. அதுவும் நல்லதுதான்" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

ஒரு வாரம் பெட்டிகள் சுவரோரமே இருந்தன. அவன் தினமும் குனிந்து அதிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். அவள் எடுத்து அடுக்கவில்லை. அடுக்கட்டுமா என்று கேட்கவும் வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவனே எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டிகளைத் தட்டையாக மடித்தான். அப்போதுதான் அவள் அப்பா திரும்பி வந்த கதையைச் சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. அவன் மடிப்பதை நிறுத்தினான்.

"உனக்கு எப்டி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஏதாவது இருக்கணும், இல்லயா?"

அவன் கடைசிப் பெட்டியை மடித்துச் சுவரோரம் சாய்த்தான்.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றான். "இனிமே நான் எங்க போனாலும், எங்க இருக்கீங்கன்னு நீயா ஒரு தடவ போன் பண்ணிக் கேளு. மனசுல ஒண்ணும் இல்லாட்டியும் பரவால்ல. சும்மா கேளு."

"சரி."

தையல் பிரித்து ஒரு மாதம் கழித்து அவன் மறுபடி வெளியூர் வேலைக்குப் போனான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்றாள். அவன் எண்ணைத் திரையில் கொண்டுவந்து பார்த்தாள். இதற்கு முன் ஒருவரிடமும் அவள் இதைக் கேட்டதில்லை. கேட்டால், வரமாட்டேன் என்று பதில் வரக்கூடும். கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. அழுத்தினாள்.

"எங்க இருக்கீங்க?"

"பஸ்ல. இப்பதான் ஏறினேன். ஜன்னல் சீட்டு."

அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் கண்டக்டரின் குரல், யாரோ இருமுகிற சத்தம், வண்டி கியர் மாறுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அந்தப் பெண், "அக்கா, லென்ஸ் வந்திருக்கு" என்று கூப்பிட்டாள்.

"ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே அவள் அங்கே நின்றாள்.