யார் வீட்டுப் பிள்ளை

சனிக்கிழமை மதியம் ஒன்றே கால் மணிக்கு ரபாப் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் கட்டிலில் புத்தகம் குப்புறக் கிடந்தது, ஹனீனைக் காணோம். குளியலறை, துணி அலமாரி, காரின் பின்சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. தோட்டத்துக் கதவு திறந்து கிடந்தது, அங்கே பூனையின் பால் கிண்ணம் தொடாமல் இருந்தது. வெளியே பாலைவனத்துக் கம்சீன் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசை மேல் குழந்தையின் மூச்சு மருந்து ஸ்பிரே வைத்தது வைத்தபடி இருந்தது.

ஹனீனுக்கு ஏழு வயது, பிறந்ததிலிருந்து ஆஸ்துமா. இப்படிப்பட்ட காற்றில் ஸ்பிரே இல்லாமல் ஒரு மணி நேரம் அவள் தாங்கினாலே பெரிய விஷயம்.

அந்த மூச்சுக்காகத்தான் இங்கே வந்தார்கள். நகரத்தின் நெரிசலான ஷுப்ரா பகுதியில் இருந்தபோது இலையுதிர் காலம் வந்தால் வைக்கோல் எரிக்கும் புகை கெய்ரோ முழுக்கக் கவிந்துவிடும், குழந்தை நீலம் பாரித்துப்போகும், இவர்கள் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். மூன்றாவது தடவை டாக்டர் மருந்துச் சீட்டை மடித்து வைத்துவிட்டு, முதலில் இந்தக் காற்றை விட்டு வெளியே போங்கள் என்றார். லிஃப்ட் மாட்டும் தொழிலில் கொஞ்சம் தலையெடுத்திருந்த மொஹ்சின், மனைவி மகளோடு நகரத்துக்கு வெளியே தஜம்முவில் இருக்கும் பெல்லா ரவ்தா குடியிருப்புக்கு வந்து சேர்ந்தான். நான்கு பக்கமும் மதில், இரண்டு கேட், மூன்று நீச்சல் குளம். வந்து இரண்டு வருடம், ஒரு ராத்திரிகூட ஆஸ்பத்திரியில் கழியவில்லை. குழந்தை தனியாக சைக்கிள் ஓட்டினாள், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினாள். இந்த இடத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் ரபாப் சண்டைக்கே போயிருப்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் பக்கத்து வில்லாக்காரியைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவள் பார்த்ததில்லை. எதிர் வில்லா ஷஹீரா குடியிருப்போர் கமிட்டித் தலைவி. முதல் நாளே பெயரைக் கேட்டுவிட்டு, “ரபாப்பா? எங்கம்மா வீட்டுச் சமையல்காரி பேரு. நான் ரூபின்னே கூப்பிடுறேன் டார்லிங்” என்றாள். அன்றிலிருந்து கேட்டில் இருக்கும் பதிவேட்டில்கூட அவள் மேடம் ரூபி, வில்லா நாற்பத்தேழு. ரபாப்புக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

ஸ்பிரேயைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஓடினாள். முதலில் குளங்கள். முதல் குளத்தில் இலைகள் மிதந்தன. இரண்டாவதில் ஒரு ரப்பர் வாத்து. மூன்றாவதில் மணல் படிந்து அடி தெரியவில்லை. செருப்போடு இறங்கித் துழாவினாள். ஒன்றுமில்லை. வெளியே ஏறியபோது காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

கேட்டுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், மகளைக் காணவில்லை, ஏழு வயது, நீலப் பைஜாமா என்று எழுதிப் போட்டாள். பதில்கள் வந்தன. மூன்று பேர் உடைந்த இதயம் அனுப்பினார்கள். ஒருவர் கும்பிடும் கைகள். இங்கேயெல்லாம் எதுவும் ஆகாது, இது பெல்லா ரவ்தா என்று ஒருவர் தைரியம் சொன்னார். அதற்கு அடுத்த செய்தி, முப்பதாம் வில்லா வாசலில் வெள்ளைக் கார் நிறுத்தியது யார் என்று கேட்டது. பாவி, அந்த வெள்ளைக் காருக்கு இருபது பதில்.

ரபாப் நடுத்தெருவில் நின்றாள். ஷுப்ராவில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெருவில் இறங்கி ஒரு வரியைக் கத்துவார்கள். அந்த வரியைக் கேட்டால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆள் ஓடி வரும். இங்கே கத்துவதற்கு அபராதம் உண்டு. அது போகட்டும், கத்தினால் இவள் எங்கிருந்து வந்தவள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த வெட்கம் அந்த நேரத்திலும் ஒரு நிமிடம் அவளைப் பிடித்து நிறுத்தியது. பிறகு அவள் அந்த ஒரு நிமிடத்துக்காகத் தன்னையே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

“பிள்ளையைக் காணோம், நல்லவங்க பெத்த மக்களே! பிள்ளையைக் காணோம்!”

தொண்டை கிழியக் கத்திக்கொண்டே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். ஷஹீரா ஜன்னலைத் திறந்து, குழுவில்தான் போட்டாயிற்றே, எதற்கு இந்தக் கூச்சல் என்று அங்கலாய்த்துவிட்டு, மணல் வருகிறதென்று சாத்திக்கொண்டாள். ஆனால் பின்கட்டுக் கதவுகள் திறந்தன. மாவு அப்பிய கையோடு ஒரு சமையல்காரி வந்தாள். துடைப்பத்தோடு இரண்டு பெண்கள், ஒரு டிரைவர், கடைசியில் தண்ணீர்க் குழாயைக் கூட மூடாமல் ஒரு தோட்டக்காரர். அவர்களுக்கு அந்த வரி தெரியும்.

தோட்டக்காரர்தான் கேட்டார், நீலத் துணி, ரப்பர் செருப்பு, தலை வாராத பிள்ளையா என்று. ஆமாம் ஆமாம் என்றாள். சின்ன கேட்டுக் காவலாளி அஷ்மாவி அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாராம். எப்போது? மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அஷ்மாவிக்கு ஐம்பது வயதிருக்கும். ரபாப் ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தபோது அவன் மிரண்டுபோனான்.

“என் பொண்ணை எங்கடா கொண்டுபோய் விட்ட?”

“உங்க பொண்ணா? ஐயோ, அது ரபாப் பொண்ணு மேடம். அதுவே சொல்லிச்சு.”

“நான்தான்டா ரபாப்!”

“நீங்க மேடம் ரூபியாச்சே.”

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய்ப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினான். பன்னிரண்டாம் வில்லாவில் வீடு துடைக்கும் ஒரு ரபாப் இருக்கிறாள். அம்மா உள்ளே வில்லாவில் இருக்கிறாள் என்று பிள்ளை சொன்னதும் அவளுடைய மகள் என்று நினைத்துவிட்டான். அந்த ரபாப் அப்போதுதான் வேலை முடித்து வெளியே போயிருந்தாள், வேன் நிறுத்தத்தில் நிற்பாள், ஓடிப்போய்ச் சேர்ந்துகொள் என்று, நம்பிப் பின்னால் வந்த பிள்ளையை ரோட்டைக் கடத்தி விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

“பிள்ளையை உள்ள கூட்டிட்டு வந்தது தெரிஞ்சா அவளுக்கு வேலை போயிரும் மேடம். பாவம்னுதான் சத்தமில்லாம அனுப்புனேன். வேலைக்காரங்க பிள்ளைங்க உள்ள இருக்கக் கூடாதுன்னு நீங்கல்லாம்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

போட்டிருந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஷஹீரா குழுவில் அனுப்பிய தீர்மானத்துக்கு, கறி அடுப்பில் தீயும் அவசரத்தில், படித்துக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலை உயர்த்தியிருந்தாள். அஷ்மாவி காவல் கூண்டைப் பூட்டாமலே அவளோடு ரோட்டுக்கு ஓடி வந்தான்.

ஆறு தட ரோடு. பத்தடி தள்ளி என்ன இருக்கிறதென்று தெரியாத புழுதி. லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு சீறிப் போயின. கடந்து போனால் நிறுத்தம் காலியாகக் கிடந்தது. வேன் டிரைவரின் எண் அஷ்மாவியிடம் இருந்தது. போன் செய்து கேட்டான். வேனில் குழந்தை எதுவும் ஏறவில்லை என்றார் டிரைவர். மன்சூராவில் வேலையில் இருந்த மொஹ்சினை ரபாப் கூப்பிட்டாள். அவன் முதலில் கத்தினான், பிறகு அழுதான், உடனே கிளம்புகிறேன் என்றான். வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். ரபாப் போனை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். குழந்தை எந்தப் பக்கம் போயிருப்பாள்? யார் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள்?

கட்டி முடியாத ஒரு கடை வளாகத்தின் அடியில் தார்ப்பாய் கட்டி ஒரு பெண் டீ விற்றுக்கொண்டிருந்தாள். ரெதாவின் அம்மா, அதனால் உம் ரெதா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள் என்று அஷ்மாவி சொன்னான். கொத்து வேலைக்காரர்களுக்கு டீ போடுகிறவள். ரபாப் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். உம் ரெதா எழுந்திருக்கவில்லை. உடற்பயிற்சிச் சட்டையிலிருந்து செருப்பில்லாத ஒற்றைக் கால்வரை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எந்தக் குழந்தை?”

“ஹனீன்னு பேரு, அக்கா. பார்த்தீங்களா?”

“இப்பத்தான் ஒருத்தன் காரை நிறுத்தி, நான் வீட்ல விடுறேன்னு நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தான். கொதிக்கிற கெட்டிலைத் தூக்கினேன், ஓடிட்டான். நீ யாரு? பிள்ளையோட அம்மா பேரு என்ன?”

“ரபாப். நான்தான் ரபாப்.”

அஷ்மாவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஆமாக்கா, இவங்க நாற்பத்தேழு, மேடம் ரூபி” என்று சாட்சி சொன்னான்.

உம் ரெதாவின் கை கெட்டிலுக்குப் போனது. “ரூபியா? இப்பத்தானே ரபாப்னு சொன்ன?”

அதற்குள் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. உள்ளே போக முடியாத மூச்சு இழுபடும் விசில் சத்தம். அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ரபாப் எழுந்துவிடுவாள். உம் ரெதாவை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள்.

ஹனீன் மூட்டை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது. தோள் இரண்டும் ஏறி இறங்கின. உதடு கறுத்திருந்தது. அம்மாவைப் பார்த்தும் அழ மூச்சில்லை. ரபாப் ஸ்பிரேயை வாயில் வைத்து அழுத்தினாள். பத்து வரை எண்ணினாள். மறுபடி அழுத்தினாள். உம் ரெதா மண்டியிட்டுக் குழந்தையின் முதுகை நீவினாள். அஷ்மாவி அந்தப் பக்கம் திரும்பி நின்று, யா ரப், யா ரப் என்று இறைவனைக் கூப்பிட்டு முனகிக்கொண்டிருந்தான். எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ, ரபாப்புக்கு அது ஒரு ஆயுள். பிறகு விசில் மெல்ல இறங்கியது. ஹனீன் ஒரு முழு மூச்சு இழுத்து, இருமி, வீறிட்டு அழுதாள். ரபாப்பும் அழுதாள். வெட்கமே இல்லாமல் வாய்விட்டு அழுதாள்.

உம் ரெதா கேட்காமலே ஒரு கிளாஸ் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு அவள் கையில் திணித்தாள்.

“நிறுத்தத்துல தனியா நின்ன உன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பெரிய கேட்டுக்கே போனேன்மா. அங்க இருந்தவன் லிஸ்டைப் பார்த்தான். ரபாப்னு யாரும் இங்க குடியில்ல, இது எங்க பிள்ளை இல்லைன்னு அனுப்பிட்டான்.”

ரபாப் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டியபோது உம் ரெதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைக்கு விலை போடுகிறாயா, போய் வேலையைப் பார் என்றாள். அது சரிதான் என்று ரபாப்புக்கும் பட்டது, சங்கிலியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் காற்று அடங்கியதும் ஷஹீரா கேக்கோடு வந்தாள். கூடவே அச்சடித்த ஒரு புகார்க் கடிதம், அஷ்மாவியை வேலையைவிட்டு நீக்க. மதியம் உடைந்த இதயம் மட்டும் அனுப்பிய குழுவில் இப்போது நூற்று நாற்பது செய்திகளாம், எல்லோரும் கொதித்துப்போயிருக்கிறார்களாம், ரூபி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கியாம். படித்துவிட்டுத் தருகிறேன் என்றாள் ரபாப். ஷஹீரா அதை எதிர்பார்க்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்தபடி சின்ன கேட்டுக்கு நடந்தாள். அஷ்மாவி எழுந்து நின்றான். சீட்டு கிழியப்போகிறது என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லுங்க. பேரை விடுங்க. என் பொண்ணைப் பார்த்ததும் உள்ளே இருக்கிற பிள்ளைன்னு உங்களுக்கு ஏன் தோணலை?”

அஷ்மாவி தொப்பியைக் கழற்றினான்.

“துணிமணியை வச்சு இல்ல மேடம். பூனையைத் தேடிக்கிட்டு வந்துச்சு. ‘பெரியப்பா, எங்க பூனையைப் பாத்தீங்களா’ன்னு கேட்டுச்சு. ஒன்பது வருஷமா இந்தக் கேட்டுல நிக்கிறேன். இங்க குடியிருக்கிற பிள்ளைங்க ஒண்ணுகூட என்னைப் பெரியப்பான்னு கூப்பிட்டதில்ல. ‘அஷ்மாவி, திற’ம்பாங்க, அவ்வளவுதான். இது அப்படிக் கூப்பிட்டதும் நம்மாளுங்க பிள்ளைன்னு நெனச்சுட்டேன்.”

ரபாப் கடிதத்தை நான்காகக் கிழித்தாள். ஹனீன் அஷ்மாவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி மொஹ்சின், இந்த இடமே வேண்டாம், ஷுப்ராவுக்கே போய்விடுவோம் என்று குதித்தான். புகைக்கு என்ன செய்வாய் என்று ரபாப் கேட்டாள். பக்கத்து அறையில் ஜன்னல் திறந்திருந்தது, குழந்தை சீராக மூச்சுவிட்டுத் தூங்கினாள். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு, அங்கே அது பள்ளிக்கூட நாள். ரபாப் காரை வேண்டுமென்றே சின்ன கேட்டுக்கு ஓட்டினாள். அஷ்மாவியைப் பெயருக்குப் பின்னால் ஓர் அண்ணன் சேர்த்துக் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவதாகத் திட்டம். கண்ணாடியை இறக்கினாள். அவள் வாய் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஹனீன் தலையை வெளியே நீட்டினாள்.

“அஷ்மாவி, திற.”

குழந்தையின் குரலில் திமிர் இல்லை. பயம்தான் இருந்தது. அஷ்மாவி ஒரு கணம் நின்றான், பிறகு விறைப்பாக நிமிர்ந்து, சரிங்கம்மா என்று பொத்தானை அழுத்தினான். குறுக்குத் தடி சட்டென்று மேலே போனது. ரபாப்பால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, வண்டியை எடுத்தாள்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஹனீன் பின்னுக்குச் சாய்ந்து மூச்சை விட்டாள்.

“இப்ப நான் யார் வீட்டுப் பிள்ளைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லம்மா?”