முதல் நம்பர் இன்ஜினின் மினுக்கு

மீன் கிடங்கில் கரண்ட் போனால் இருட்டைவிட நாற்றம்தான் முந்திக்கொள்ளும். கருவிப் பையோடு நான் உள்ளே நுழைந்தபோது ஐஸ் உருகிய தண்ணீர் வாசல்வரை வந்திருந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் சேர்ந்துதான் அந்தக் கிடங்கைக் குளிர வைக்கின்றன. இன்ஜினுக்கு ஒரு ஆள். முதல் நம்பர் என் அக்கா புருஷன் பொறுப்பு. இரண்டாம் நம்பர், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிறவர் பொறுப்பு. எவன் இன்ஜின் வருஷம் முழுக்க ரிப்பேர் இல்லாமல் ஓடுகிறதோ அவன்தான் சூப்பர்வைசர் என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார். மனிதர்களைக் கெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

காலையில் இரண்டாம் நம்பர் சூடேறி நின்றுவிட்டது. மொத்தச் சுமையும் தன் தலையில் விழுந்ததும் முதல் நம்பர் கரும்புகை கக்கி அதுவும் படுத்துவிட்டது.

"ஒல்லிய இன்னைக்கே அனுப்பிடப் போறேன்," என்றார் முதலாளி. "இன்ஜினக் கவனிக்கத் துப்பில்ல. உங்க மச்சானோடதப் பாருங்க, கண்ணாடி மாதிரி வச்சிருக்காரு."

ஒல்லி பக்கத்தில்தான் நின்றார். கொதிதண்ணீர் தெறித்த முழங்கை சிவந்திருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கண்ணாடி மாதிரி இருந்த இன்ஜினின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத்தான் முதலில் திறந்தேன். இரண்டு இன்ஜின்களின் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு ஜோடி ஒயர் போகும். எது எவ்வளவு சுமக்கிறது என்று ஒன்றுக்கொன்று தெரிந்து, சமமாகப் பங்கு போட்டுக்கொள்வது அதனால்தான். அந்த ஒயர் கழற்றப்பட்டு, நுனியில் டேப் சுற்றி ஓரமாகச் செருகப்பட்டிருந்தது. வேகத் திருகையும் குறைத்து வைத்திருந்தது. கட்டில் தூக்கும்போது கையை மட்டும் வைத்துக்கொண்டு முக்குகிறவன் இருப்பானே, அந்த வேலை. எடையெல்லாம் ஒல்லியின் இன்ஜின் மேல்.

புகைக்குழாயின் இணைப்பைக் கழற்றினேன். சளி மாதிரி கறுப்பாக வழிந்தது. சுமையில்லாமல் மாதக்கணக்கில் ஓடினால் டீசல் சரியாக எரியாமல் அங்கேதான் போய்ச் சேரும். ஒய்யாரக் கொண்டையிலே தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். மீன் நாற்றம் இதற்குத் தேவலை.

மச்சான் வந்து தோளில் கை போட்டார். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"மாப்ள, ஒயரு அதிர்வுல தானா கழண்டுச்சுன்னு சொல்லிடு."

"டேப்பும் தானா சுத்திக்கிச்சா மச்சான்?"

"அட, அடுத்த மாசம் நான் சூப்பர்வைசருடா. உங்க அக்காவ நெனச்சுப் பாரு. ஒல்லிக்கு இது இல்லன்னா இன்னொரு வேல."

கையைத் தட்டிவிட்டேன். முதலாளியைக் கூப்பிட்டு ஒயரைக் காட்டினேன், குழாய்க்குள் அவர் விரலையே விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவர் மச்சானை ஆபீஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒல்லி ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

ஒயரை மாட்டி முடிப்பதற்குள் அக்காவிடமிருந்து போன்.

"ஏன்டா சொன்ன? அவர வேலைய விட்டே அனுப்பிட்டாங்க."

"சொல்லலன்னா ஒல்லியோட வேல போயிருக்கும்க்கா. மச்சான் என்ன பண்ணி வச்சிருக்காருன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாம என்ன? கழட்டின அன்னைக்கே வீட்ல வந்து சொன்னாரு. ஒல்லி இன்ஜின் எப்படித் திணறுதுன்னு சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து வாயாலயே சத்தம் போட்டுக் காட்டினாரு. நானும் புள்ளைங்களும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அதைச் சொல்லும்போதும் அக்காவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.