வில்லோ வேலி

லண்டன் சட்டனில் நாங்கள் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டுக்கு அடுத்ததில், கூடை பின்ன உதவும் வில்லோ மரங்கள் வளர்த்தவர் ஹரோல்ட் என்ற வெள்ளைக்காரக் கிழவர். 1991 மாசியில், பயற்றங்கொடிக்கு ஊன்றச் சொல்லி ஒரு கட்டுப் பச்சைத் தடி தந்தார். காலமாகிவிட்ட என் கணவர் சபாரத்தினம் அவற்றை எல்லை நெடுகக் கதியாலாக, உயிர்வேலிக் கம்புகளாக, நட்டு, யாழ்ப்பாணத்து வேலியே போட்டுவிட்டார். ஆனியில் தடிகள் தழைத்து ஹரோல்டை மறைத்தன.

“நான் ஏதும் பிழை விட்டேனா?” என்று ஹரோல்ட் வேலிக்கு மேலால் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“வேலியில்லாட்டி அது காணியோ?” என்றார் இவர் என்னிடம்.

“அந்தாள் தந்த தடியால அந்தாளையே மறைச்சுப்போட்டு நிக்கிறியள். பிடுங்குங்கோ!”

இழுத்தார், அசையவில்லை. எல்லாம் வேர் விட்டிருந்தன. ஹரோல்ட்தான் மண்வெட்டியோடு சுற்றி வந்து தோண்டித் தந்தார். நான் நிமிராமல் தடிகளைப் பொறுக்கினேன்.