கடைசி செமஸ்டர்

மகளைக் கட்டிக்கொடுக்கும்போது மேலப்பாளையத்து ஷஃபீகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வேதியியல் படிப்பில் கடைசி செமஸ்டர் பாக்கி இருந்தது. அதை முஃபீதா முடித்துவிட வேண்டும். ஏரல் மாப்பிள்ளை வீட்டாரும் நாலு பேர் முன்னால் சரி என்றார்கள். மாப்பிள்ளை அஃப்சலுக்கு ஷார்ஜாவில் வேலை. லீவு முடிவதற்குள் நிக்காஹ் நடக்க வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட, ஷஃபீகாவின் புருஷன் அலி அக்பரும் தலையாட்டிவிட்டார்.

ஷஃபீகா பெரியவளானதுமே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பீடித்தட்டின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்காக வாய் திறக்க ஓர் ஆள் இல்லை. தன் மகளுக்கு அப்படி ஆகாது என்று அவள் நம்பியிருந்தாள்.

அஃப்சல் விமானம் ஏறிய பிறகு முஃபீதா காலேஜ் பக்கமே போகவில்லை. முதலில் மாமியாருக்கு மூட்டுவலி என்றார்கள், அப்புறம் நாத்தனாருக்குப் பேறுகாலம் என்றார்கள். பரீட்சைக்காவது வரட்டும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று டீச்சர்கள் சொல்லியனுப்ப, ஷஃபீகாவே மகளை அழைத்துவர ஏரலுக்குப் பஸ் ஏறினாள்.

சம்பந்தி சிராஜுதீன் அவளை மரியாதையாகத்தான் வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும், "நாங்க வேண்டாம்னா சொல்லுதோம்? மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்று போன் போட்டு அவளிடம் நீட்டினார்.

"மாமி, உம்மாவுக்கு முடியல. வீட்டுல வேற ஆளும் இல்ல" என்றான் அஃப்சல். "அடுத்த வருசம் எழுதட்டுமே. பரீட்சை எங்க ஓடிப்போவுது?"

ஷஃபீகா எழுந்துகொண்டாள். "போன மாசமும் இதைத்தான் சொன்னீய. ஏளா முஃபீதா, துணிமணியை எடு. கிளம்பு."

சிராஜுதீன் சத்தம் போடவில்லை. "கூட்டிட்டுப் போங்க. பொறவு அங்கனயே வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அலி அக்பர் குதிப்பார், தெரு முழுக்கப் பேசும். பேசட்டும் என்று இருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு துணிச்சல் அவளுக்கு வந்ததே இல்லை.

அடுப்படி வாசலில் நின்ற முஃபீதா சொன்னாள்: "ம்மா, நான் வரலை."

ஷஃபீகா அவளைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "பயப்படாதளா. வாப்பாவை நான் பாத்துக்கிடுதேன்."

"பயமில்லம்மா." முஃபீதா முந்தானையில் ஈரக்கையைத் துடைத்தாள். "வந்த புதுசுல பொஸ்தகத்தைக் குளிக்கிற ரூமுக்குள்ள கொண்டுபோயிப் படிச்சேன். மாமி பாத்துட்டு எல்லாத்தையும் பரண்ல தூக்கிப் போட்டாவ. தினமும் அழுதேன். பொறவு பையப் பைய எல்லாம் மறந்துபோச்சு. மறந்த பொறவுதான் தூக்கமே வருது. நீ மறுபடி ஞாபகப்படுத்தாத."

"எழுதிட்டா ஒரு டிகிரி ஆச்சேளா..."

"எழுதிட்டு எங்க போவேன்? இங்கனதான வரணும்?"

நம்ம வீட்டுக்கு வா என்று சொல்ல ஷஃபீகாவுக்கு நா எழுந்தது. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பதிலுக்காக அது காத்திருக்கவில்லை.

மாமியார் மனத்தாங்கல் ஏதும் காட்டாமல், சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். மீன்குழம்பை முஃபீதாதான் ஊற்றினாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஊற்றுவதைப்போல. ஷஃபீகா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டு எழுந்தாள்.

பரீட்சையன்று காலையில் போன் வந்தது. ஆன்லின், மணப்பாட்டுக்காரி, ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள், முஃபீதாவின் பெஞ்சுக்காரி.

"ஆன்ட்டி, முஃபீதா பஸ் ஏறிட்டாளா? அடிச்சா எடுக்க மாட்டேங்குதா. நான் கேட்லயே நிக்கேன்."

"அவ வரமாட்டா மக்களே."

"ஏன், வீட்டுல விடலையா?"

விடவில்லை என்று சொல்லத்தான் ஷஃபீகா வாயெடுத்தாள். அதுவும் முழு உண்மையாகத் தோன்றவில்லை. "அவளுக்கே இஷ்டமில்ல" என்றாள். சிராஜுதீனும் ஊரில் இதையேதான் சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆன்லின் பக்கம் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. "பெல் அடிச்சிட்டு ஆன்ட்டி. நான் போறேன்" என்றாள்.

"போ மக்களே. நல்லா எழுது."