ஊர் கூடிக் கொடுத்த ஆள்

தெரு முதலில் நீண்டதா, அடைக்கலம் முதலில் கிளம்பினானா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. தெருதான் முதலில் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆடி மாதம் என்பது மட்டும் நிச்சயம். அதுவும் நிச்சயமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அடைக்கலம் தன் மனைவி பவளக்கொடியிடம் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துப் பக்கம் சுக்கு வாங்கப் போனான். வாங்கிக்கொண்டு திரும்பினான். திரும்பும்போது தெரு நீண்டது. அவன் நடக்க நடக்க அதுவும் நீண்டது.

மற்றவர்களுக்குத் தெரு பழைய நீளத்திலேயே இருந்தது. வெற்றிலை மென்று துப்புவதற்குள் பேருந்து நிலையம் போய்விடலாம். வழியில் அவனைக் காணோம் என்றார்கள். ஆனால் பவளத்தின் வாசலில் நின்று பார்த்தால் தெரிந்தான். விரல் உயரத்தில், வீட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டால் கை ஆட்டுவான். அவளும் ஆட்டுவாள். பிறகு உலை வைக்கப் போவாள்.

அவளும் நடந்து பார்த்தாள். பேருந்து நிலையம்தான் வந்தது.

ஊர்ப் பொது அறக்கட்டளை கல்யாண மண்டபத்து மாடியில் இருந்தது. யாருக்கு எது குறைந்தாலும் அங்கே போய்ச் சொல்வது வழக்கம். ஊர் கூடி விருந்து வைக்கும். சாப்பிட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மொய் வைப்பார்கள். குறை தீர்ந்துவிடும். காசு வைப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. அவரவரிடம் இருப்பதில் கொஞ்சம் வைத்தால் போதும்.

தலைவர் வைரக்கண்ணு உரக்கடை வைத்திருந்தார். வாய் திறப்பதற்கு முன் வெகுநேரம் சும்மா இருப்பார். அதற்குள் மாடிப்படி இரண்டு மூன்று கூடிவிடும்.

“என்ன கொறை?”

“தெருவைக் கொஞ்சம் சுருக்கிக் குடுங்கண்ணே. அவுக வந்துருவாக.”

“தெருவு பொதுச் சொத்து, தங்கச்சி. அதுல கை வைக்க முடியாது. ஆளுக்குத்தான் உதவி.”

“ஆளு அந்தா நடந்து வர்றாகளே.”

“வந்தாச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

“அப்ப ஆள் கொறைதான்.” அவர் மைக்செட் சூசையின் பக்கம் திரும்பினார். “விருந்துக்குக் கெடா சொல்லிருப்பா.”

விருந்து மதியம் நடந்தது. கறியும் ரசமும் போட்டார்கள். கை கழுவியவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து வைத்தார்கள். சூசை மைக்கில் அறிவித்தான்.

“தையக்கடை பக்கிரிசாமி, இருமல். மீன்கடை அன்னக்கிளி, சிரிப்பு. மாவுமில்லு தொரைராசு, தோள்பட்ட ரெண்டு. எலே தொரைராசு, நாளைக்கு மூட்டைய எதுல தூக்குவ? சரி, அவன் பாடு. சண்முகம் வாத்தியாரு, கொறட்டை. வாத்தியாரு வீட்டம்மா கை தட்டுறாக.”

பொழுது சாய்வதற்குள் வைத்ததெல்லாம் கூடி, மேடை நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் தத்தம் பங்கைப் பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். பவளம் அவரை அழைத்துக்கொண்டு வந்தாள்.

அவர் நல்ல மனிதர். கொடுத்ததைச் சாப்பிட்டார். பக்கிரிசாமியைப் போல இருமினார். அன்னக்கிளியைப் போலச் சிரித்தார். சில சமயம் அவளைக் கூப்பிட வாயெடுப்பார். அடைக்கலம் அவளை எப்படிக் கூப்பிடுவான் என்பது ஊரில் யாரிடமும் இல்லை. அதனால் அவர் வாய் கொஞ்சநேரம் திறந்தபடியே இருக்கும். பிறகு மூடிக்கொள்ளும்.

“என்னங்க?” என்பாள்.

“தெரியல” என்பார்.

ஒரு நாள் இருவரும் வாசலில் நின்றார்கள். தூரத்தில் அடைக்கலம் கை ஆட்டினான். பவளம் கை ஆட்டுமுன் அவர் ஆட்டிவிட்டார்.

அடைக்கலத்தின் கை அப்படியே நின்றது. வெகுநேரம் இறங்கவில்லை. அதன் பிறகு அவன் நடை மெதுவானது.

 பவளம் மறுபடி மாடிக்குப் போனாள். படிகள் நிறையச் சேர்ந்திருந்தன.

“அவுக என்னையத் தப்பா நெனைக்கிறாக. இந்த ஆளு எனக்கு வேண்டாம்ணே. தெருவைச் சுருக்கிக் குடுங்க.”

 சுவரில் ஒரு பல்லி பிறந்து வளர்ந்து இறங்கிப் போனது. பிறகு வைரக்கண்ணு சொன்னார்.

“ரெண்டாந்தரம் கேட்டா எதையும் மறுக்கக் கூடாதுங்கிறது விதி. தெருவானாலும் சரி. வீட்டுக்கு ரெண்டடி தெருவை வாசலுக்குள்ள இழுத்தா தெரு சுருங்கிரும். ஆனா ஒண்ணு. வாங்கின மொய்யெல்லாம் திருப்பி வச்சிருக்கணும்.”

“வச்சுர்றேன்.”

“வாங்கினத மட்டும் வச்சா ஒறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம். அறுத்தவளுக்கு ஊரு செய்யாது. மேக்கொண்டு கொஞ்சம் சேத்து வைக்கணும்.”

“தெரியும்ணே.”

அந்தப் பருவத்தில் ஊரில் எல்லோருக்கும் ஏதாவது குறைந்துகொண்டிருந்தது. பக்கிரிசாமியின் கடைக்குக் கதவு இல்லாமல் போனது. விருந்து வைத்தார்கள். பவளம் இருமலைத் திருப்பி வைத்தாள். மேற்கொண்டு, வேலை செய்யும்போது தான் முணுமுணுக்கும் பாட்டையும் சேர்த்து வைத்தாள். அன்னக்கிளியின் மீன்கள் தராசில் கனம் காட்டவில்லை. அவள் விருந்தில் பவளம் சிரிப்பைத் திருப்பி வைத்தாள். மேற்கொண்டு, பல்லியைக் கண்டால் தனக்கு வரும் பயத்தை வைத்தாள்.

“நல்லாருக்குடி நீ குடுத்த மொய்” என்றாள் அன்னக்கிளி மறுநாள், ஸ்டூலின் மேல் நின்றபடி.

துரைராசுவுக்குத் தோள்களோடு தன் ருசியை வைத்தாள். வாத்தியாருக்குக் குறட்டையோடு தன் தூக்கத்தை வைத்தாள். வாத்தியார் வீட்டம்மா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டில் இருந்தவர் ஒவ்வொரு விருந்துக்கும் தானே கிளம்பி நிற்பார். திரும்பி வரும்போது குறைந்து வருவார். ஒருமுறை கூட முகம் சுளிக்கவில்லை. முகம் இருந்தவரை.

எல்லாம் திருப்பியாயிற்று. பவளம் வீட்டுக்கு வந்து அவர் உட்காரும் பிரம்பு நாற்காலியை நகர்த்தினாள். நகரவில்லை. அதில் யாருமில்லை. ஆனால் பிரம்பு குழிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். ஓர் ஆளின் கனம் உட்கார்ந்திருந்தது.

சூசையைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் நாற்காலியைச் சுற்றி வந்தான்.

“இது மைக்க அவுத்த பெறகு வந்த மொய்யிக்கா. நான் சொல்லலை.”

“யாரு வச்சது?”

சூசை தெருவைப் பார்த்தான். “பந்தி முடிஞ்சு ஒயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கோடியிலருந்து ஒரு கை ஆடுச்சு. யாருக்கோ கொறைன்னு அடைக்கலண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. யாருக்குன்னு தெரியாது. ஊரு கூடிக் குடுக்கயில அவரும் குடுக்கணும்ல. அவரும் ஊர்க்காரர்தானே.”

பவளம் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். அடைக்கலம் நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் காலடியில் புழுதி எழவில்லை. கால் தரையைத் தொடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைசித் தடவையாக மாடி ஏறினாள். ஏறி முடித்தபோது வைரக்கண்ணுவுக்கு மீசை நரைத்திருந்தது.

“ஒரு மொய் பாக்கி நிக்கிது தங்கச்சி. அதை வச்சுட்டு வா.”

“அவுகளுக்கு எப்புடிண்ணே வைக்கிறது?”

“அவன் விருந்து வச்சா, போயி வையி.”

“அவுக வந்தாத்தானே விருந்து வைப்பாக.”

“வந்துட்டா அப்புறம் உனக்குத் தெருவு சுருங்கவே வேண்டாமே.”

இருவரும் யோசித்தார்கள்.  வைரக்கண்ணு மேசை விளிம்பைத் தடவினார். “நான் நல்லதுக்குத்தான் கெடா சொன்னேன்” என்றார்.

“தெரியும்ணே” என்றாள் பவளம்.

வீட்டுக்கு வந்தாள். நாற்காலியின் முன் குந்தி, உறங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல அந்தக் கனத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முதுகு வளைந்தது. பழகிய கனம்தான். கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

ஓரடி வைத்தாள். தெரு அவளுக்கும் நீண்டது.

வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் வெகுநேரம் நடந்தாள். பேருந்து நிலையம் வரவில்லை. உருவம் சிறுத்துச் சிறுத்து விரல் உயரமானது. மேற்கொண்டு வைக்க அவளிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று அன்னக்கிளி கேட்டாள். 

வைரக்கண்ணு மறு ஆடிக்குள் இறந்துபோனார். உரக்கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். பக்கிரிசாமி இருமுகிறார், தைக்கிறார். துரைராசு மூட்டை தூக்குகிறான். சூசை மைக்செட்டை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறான். அன்னக்கிளி ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. வாத்தியார் எந்நேரமும் தூங்குகிறார். அடைக்கலமும் பவளமும் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் தூரம் குறைகிறது என்று தெருவின் கீழ்ச்சாரி வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். எதிர்வரிசை மேல்சாரிக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் வீட்டு வாசல் விளக்கை, வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து, ஊர்க்காரர்கள் போய்ப் போட்டுவிட்டு வருகிறார்கள்.